மின்காந்தவியல்: ஃபீல்டுங்கிறது நிஜமாவே இருக்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ஜ், ஃபீல்டு, மேக்ஸ்வெல் சமன்பாடுகள், அலை இதெல்லாம் படிக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன், கணக்கை முடிஞ்ச அளவு வார்த்தையிலயே சொல்லியிருக்கேன். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். இந்தப் பாடம் பல பேருக்கு மனசுல ஒட்டாம போறதுக்கு என் அனுபவத்துல முக்கியமான காரணம் ஒண்ணுதான், ஃபீல்டுன்னா கணக்கு போட வசதியா பேப்பர்ல வரையுற அம்புக்குறின்னு நெனச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் படிச்சுடுறாங்க. அது அம்புக்குறி இல்லைங்க, எனர்ஜியும் உந்தமும் சுமக்குற நிஜமான ஒண்ணு. கீழ இருக்குற பதில்கள்ல பாதிக்கு மேல இதுலதான் வந்து நிக்கும்.

முதல்ல சார்ஜ்னா என்னங்க?

நிறை எப்படி ஒரு துகளோட குணமோ அதே மாதிரி சார்ஜும் ஒரு குணம். அது எதனால ஆனதுன்னு இந்த தியரி சொல்லாது, அது எப்படி நடந்துக்கும்னு மட்டும் சொல்லும். பாசிட்டிவ், நெகட்டிவ்னு ரெண்டு வகை, ஒரே வகை ரெண்டும் தள்ளிக்கும், வேற வேறன்னா இழுத்துக்கும். சார்ஜை அளக்குற அலகுக்கு கூலும்னு பேர். ஒரு எலக்ட்ரானோட சார்ஜ் அளவு 1.602×10⁻¹⁹ கூலும், அதாவது 1 கூலும் சேரணும்னா கிட்டத்தட்ட 6.24×10¹⁸ எலக்ட்ரான் வேணும்.

இதை விட முக்கியமானது சார்ஜ் அழியாதுங்கிற விதி. அதையும் சரியா புரிஞ்சுக்கணும், உலகத்துல மொத்த கணக்கு சரியா இருந்தா போதும்னு அர்த்தம் இல்ல. இங்க மறைஞ்சு அங்க திடீர்னு முளைக்கவே முடியாது, ஒரு பெட்டிக்குள்ள சார்ஜ் குறைஞ்சிருந்தா அது அந்தப் பெட்டியோட சுவரைத் தாண்டி கரண்ட்டா வெளிய போயிருக்கணும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

கூலும் விசை அவ்ளோ பெருசுன்னா நமக்கு ஏன் தெரியவே மாட்டேங்குது?

ரெண்டு சார்ஜுக்கு நடுவுல இருக்குற விசையை 1785-ல கூலும்ங்கிற விஞ்ஞானி ஒரு மெல்லிய கம்பியில முறுக்குத் தராசு கட்டி அளந்த விதிதான் இது, தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலுல ஒரு பங்காயிடும். 1 கூலும், 1 கூலும் ரெண்டையும் 1 மீட்டர் தள்ளி வச்சா விசை எவ்ளோ தெரியுமா, சுமார் 9×10⁹ நியூட்டன், அதாவது 9 லட்சம் டன் எடைக்குச் சமம். ஹைட்ரஜன் அணுவுல புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் நடுவுல இருக்குற மின்விசை, அதே ரெண்டுக்கும் நடுவுல இருக்குற ஈர்ப்பு விசைய விட சுமார் 2×10³⁹ மடங்கு பெருசு.

தெரியாம இருக்குறதுக்கு காரணம் சரிசமமா அடிபட்டுப் போறதுதான். நம்ம உடம்புல பாசிட்டிவும் நெகட்டிவும் அவ்ளோ துல்லியமா சமமா இருக்கு. ஆனா தெரியாமலும் இல்ல, ஒரு நாற்காலியில உக்காந்தா கீழ விழாம தாங்குறதுல அணுக்களுக்கு நடுவுல இருக்குற மின்விசைக்குப் பெரிய பங்கு இருக்கு (குவாண்டம் விதிகளும் சேர்ந்துதான்).

ரெண்டு சார்ஜுக்கு நடுவுல விசைன்னு நேரா சொல்லிட்டுப் போகலாமே, நடுவுல ஃபீல்டு எதுக்கு?

எல்லாம் அசையாம நிக்கிற வரைக்கும் உங்க பேச்சு சரி, ஃபீல்டு இல்லாமலே கணக்கு வந்துரும். ஒண்ணு அசைஞ்ச உடனே பிரச்சனை ஆரம்பிக்குது, ஏன்னா அது அசைஞ்ச சேதி இன்னொண்ணுக்குப் போய்ச் சேர நேரம் ஆகுது.

வாயேஜர் 1 விண்கலத்தை எடுத்துக்கங்க. 1977-ல கிளம்புனது, இப்ப அது இருக்குற தூரத்துக்கு சிக்னல் ஒரு வழி போகவே 22 மணி நேரத்துக்கு மேல ஆகுது. பூமியில இருக்குற ஆன்டெனாவில எலக்ட்ரான்களை ஆட்டி ஒரு கட்டளை அனுப்பிட்டு, உடனே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி, ஆன்டெனாவையே கழட்டி வச்சுட்டாலும் அந்தக் கட்டளை போய்ச் சேரும். அப்ப நடுவுல இருக்குற அந்த 22 மணி நேரம் அனுப்புன எனர்ஜி எங்க இருந்துச்சு? ஆன்டெனாவிலயும் இல்ல, விண்கலத்துலயும் இல்ல. எனர்ஜி அழியாதுங்கிறத நம்புறோம்னா அது நடுவுல இருக்குற வெற்றிடத்துல ஏதோ ஒண்ணுல இருந்திருக்கணும். அந்த ஏதோ ஒண்ணுக்குத்தான் மின்காந்தப் புலம்னு பேர், நாம ஃபீல்டுங்கிறோம்.

இந்த எண்ணத்தை முதல்ல உறுதியா பிடிச்சுக்கிட்டவர் ஃபாரடே. காகிதத்து மேல இரும்புத் தூளைத் தூவி அடியில காந்தத்தை வச்சு, தூள் வளைவு வளைவா நிக்கிறதைப் பார்த்து, அந்தக் கோடுகள் வெறும் படம் இல்ல, அந்த இடத்தோட நிலைமையே அதுதான்னு நெனச்சார். அவருக்கு உயர் கணிதம் தெரியாது. அவரோட படத்தை எடுத்து கணக்கா மாத்துனவர் மேக்ஸ்வெல்.

நாலு சமன்பாட்டையும் கணக்கே இல்லாம சொல்ல முடியுமா?

முடியும். ஒண்ணாவது, மின்புலக் கோடுகள் பாசிட்டிவ் சார்ஜுல ஆரம்பிச்சு நெகட்டிவ்ல முடியும், எந்த மூடின பரப்பு வழியா மொத்தமா எவ்ளோ வெளிய போகுதுங்கிறது உள்ள இருக்குற சார்ஜைப் பொறுத்தது. ரெண்டாவது, காந்தப்புலக் கோடுகளுக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது, காந்தத்தை எத்தனை துண்டா உடைச்சாலும் ஒவ்வொரு துண்டுலயும் வடக்கும் தெற்கும் இருக்கும். மூணாவது, காந்தப்புலம் நேரத்தோட மாறுச்சுன்னா அதைச் சுத்தி மின்புலம் சுழலும். நாலாவது, கரண்ட் ஓடுனாலோ மின்புலம் நேரத்தோட மாறுனாலோ அதைச் சுத்தி காந்தப்புலம் சுழலும்.

இது நாலும் ஃபீல்டு எப்படி உண்டாகுதுன்னு சொல்லுது. ஃபீல்டுக்குள்ள சார்ஜ் எப்படி நகரும்னு சொல்ல ஐந்தாவதா லாரன்ட்ஸ் விசை வேணும்: மின்புலம் சார்ஜைத் தன்னோட திசையிலயே தள்ளும், காந்தப்புலம் ஓடுற சார்ஜை மட்டும், அதுவும் அது ஓடுற திசைக்கு செங்குத்தா தள்ளும். இந்த ஐந்தையும் வச்சுக்கிட்டா இந்தப் பாடத்தோட அடித்தளம் முழுசா கையில வந்துடுச்சு, மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், ரேடியோ எல்லாம் இதுக்கு மேல கட்டுனதுதான்.

மேக்ஸ்வெல் நாலு சமன்பாடா எழுதினார்?

இல்லைங்க. 1865-ல வந்த அவரோட கட்டுரையில 20 சமன்பாடு, 20 மாறிகள். இன்னைக்கு நாம படிக்கிற வெக்டர் வடிவத்துக்கு அதைச் சுருக்கினவங்கள்ல முக்கியமானவர் ஆலிவர் ஹெவிசைடு, 1880-கள்ல. கல்லூரிப் பக்கமே போகாம தானாப் படிச்சு வந்த தந்தி ஆபரேட்டர் அவர், அவரோட பேர் பாடத்துல இன்னும் நிறைய வரணும்னு எனக்கு ஆசை.

நாலாவதுல மின்புலம் மாறுனாலும் காந்தப்புலம் வரும்ங்கிறீங்களே, அது எங்கிருந்து வந்துச்சு?

இந்த முழுப் பாடத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

ஒரு கெப்பாசிட்டர், அதாவது ரெண்டு உலோகத் தட்டை எதிரெதிரா வச்சு சார்ஜ் சேர்த்து வைக்கிற கருவி, சார்ஜ் ஆகிட்டு இருக்கு. கம்பியில கரண்ட் ஓடுது, தட்டுல வந்து நின்னுடுது, ரெண்டு தட்டுக்கும் நடுவுல காலி இடம். இப்ப கம்பியைச் சுத்தி ஒரு வளையம் கற்பனை பண்ணுங்க. மேக்ஸ்வெல்லுக்கு முன்னாடி இருந்த அம்பியர் விதிப்படி, அந்த வளையத்தோட காந்தப்புலம் எவ்ளோன்னு தெரியணும்னா வளையத்துக்கு ஒரு தோல் ஒட்டி, அந்தத் தோலை எவ்ளோ கரண்ட் துளைக்குதுன்னு எண்ணணும். தோலை முரசு மாதிரி தட்டையா ஒட்டுனா கம்பி அதைத் துளைக்குது, கரண்ட் இருக்கு. அதே தோலை பலூன் மாதிரி ஊதி தட்டுக்கு அந்தப் பக்கம் காலி இடம் வழியா போற மாதிரி பண்ணுனா எந்தக் கம்பியும் துளைக்கல, கரண்ட் பூஜ்யம். வளையம் அதேதான், காந்தப்புலமும் ஒண்ணுதான் இருக்க முடியும், ஆனா விதி ரெண்டு பதில் குடுக்குது. அப்ப விதியிலதான் குறை.

காலி இடத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. தட்டுல சார்ஜ் ஏற ஏற நடுவுல இருக்குற மின்புலம் கூடிக்கிட்டே போகுது. அந்தக் கூடுற வேகத்தை ஒரு மாறிலியால பெருக்குனா கம்பியில ஓடுற கரண்ட் அளவே அச்சு அசலா வருது, ஏன்னா சார்ஜ் எங்கயும் காணாம போகல. முதல் பதில்ல ஞாபகம் வச்சுக்கச் சொன்ன விதி வேலை பண்றது இங்கதான். இந்தக் கூடுதல் உறுப்புக்கு இடப்பெயர்ச்சி மின்னோட்டம்னு பேர், பேர்ல மின்னோட்டம்னு இருந்தாலும் அங்க எந்தச் சார்ஜும் ஓடல. வரலாற்றுல மேக்ஸ்வெல் இந்த கெப்பாசிட்டர் வழியா யோசிச்சு வரல, 1861-62-ல ஈதர்னு ஒரு ஊடகம் இருக்குறதா வச்சுக்கிட்டு அதுக்குள்ள சுழல்கள் சுத்துற மாதிரி ஒரு மாடல் கட்டி அது வழியா வந்து சேர்ந்தார். மாடல் போயிடுச்சு, உறுப்பு நின்னுடுச்சு.

அதுல இருந்து ஒளி எப்படி வந்துச்சு?

மூணாவதையும் நாலாவதையும் சேர்த்து வச்சுப் பாருங்க. காந்தப்புலம் மாறுனா மின்புலம் வருது, மின்புலம் மாறுனா காந்தப்புலம் வருது. சார்ஜே இல்லாத காலி இடத்துல கூட ஒண்ணை ஒண்ணு தாங்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டும் சேர்ந்து நகர முடியும், அந்த வேகத்தையும் சமன்பாடே சொல்லிடும், மின்சாரத்துக்கான மாறிலி ஒண்ணு, காந்தத்துக்கான மாறிலி ஒண்ணு, ரெண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து ஒண்ணை அதால வகுக்கணும், அவ்ளோதான்.

இந்த மாறிலிகள் மேஜை மேல வச்சு அளக்குறது, இதுல ஒளிங்கிற பேச்சே கிடையாது. 1856-ல வெபரும் கோல்ராஷும் சார்ஜை ரெண்டு விதமா அளந்து பார்த்ததுல வந்த எண் நொடிக்கு சுமார் 3.1 லட்சம் கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி 1849-ல ஃபிசோ பல்சக்கரத்தைச் சுத்தவிட்டு ஒளியோட வேகத்தை அளந்திருந்தார், அதுவும் நொடிக்கு சுமார் 3.1 லட்சம் கிலோமீட்டர். ஒரு பக்கம் ஜாடியில தேக்கி வச்ச சார்ஜ், இன்னொரு பக்கம் கண்ணாடியில பட்டுத் திரும்புற வெளிச்சம், ரெண்டும் ஒரே எண்ணைக் குடுக்குது. ஒளியே மின்காந்த அலைதான்னு மேக்ஸ்வெல் முடிவுக்கு வந்தது இதை வச்சுத்தான். 1887-88-ல ஹெர்ட்ஸ் தீப்பொறி வச்சு கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையை உண்டாக்கி, அது எதிரொளிக்குது, விலகுது, ஒளி மாதிரியே நடந்துக்குதுன்னு காட்டினார், மேக்ஸ்வெல் அதைப் பாக்க இல்லை, 1879-லயே இறந்துட்டார்.

அலையில மின்புலம் உச்சத்துல இருக்கும்போது காந்தப்புலம் பூஜ்யமா இருக்குமா?

இருக்காது. ஒண்ணு இன்னொண்ணை உண்டாக்குதுன்னு கேட்டதும் ஊஞ்சல் மாதிரி மாறி மாறி வரும்னு நெறைய பேர் நெனச்சுடுறாங்க. வெற்றிடத்துல போற அலையில ரெண்டும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகும், ஒரே நேரத்துல பூஜ்யமாகும்.

மாறுற காந்தப்புலம் உண்டாக்குற கரண்ட் எந்தத் திசையில ஓடும்னு சொல்ற லென்ஸ் (Lenz) விதியில அந்த மைனஸ் குறி எதுக்கு?

எனர்ஜி கணக்கு சரியா வரணும்னுதான். 1831-ல ஃபாரடே ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு காயில் சுத்தி, ஒண்ணுல பேட்டரியை இணைச்சார். இன்னொண்ணுல கரண்ட் வருதான்னு காட்ட வச்சிருந்த ஊசி ஒரு துள்ளு துள்ளிட்டு நின்னுடுச்சு, பேட்டரியைக் கழட்டும்போது எதிர்ப்பக்கமா துள்ளுச்சு, நடுவுல கரண்ட் சீரா ஓடிட்டு இருந்த நேரம் முழுக்க அசையவே இல்ல. காந்தப்புலம் இருந்தா மட்டும் பத்தாது, மாறணும். அப்படி மாறும்போது உண்டாகுற கரண்ட் அந்த மாற்றத்தை எதிர்க்கிற திசையில ஓடும், மைனஸ் அதைத்தான் சொல்லுது. எதிர்க்காம துணைக்குப் போச்சுன்னா கரண்ட் கூடும், கூடுன கரண்ட் இன்னும் மாற்றத்தைக் கூட்டும், செலவே இல்லாம எனர்ஜி கொட்டிக்கிட்டே இருக்கும்.

இதைக் கண்ணால பாக்கணும்னா ஒரு மொத்தமான தாமிரக் குழாயும் உள்ள உரசாம நுழையுற நியோடிமியம் காந்தமும் போதும். தாமிரத்துல காந்தம் ஒட்டாது, முதல்ல அதைச் சோதிச்சுக்கங்க. குழாயை நேரா பிடிச்சு மேல இருந்து காந்தத்தை விடுங்க, மேல இருந்தே எட்டிப் பாருங்க. நான் முதல் தடவை பார்த்தப்ப காந்தம் உள்ள எதுலயும் படாம, கொஞ்சம் கொஞ்சமா ஆடிக்கிட்டு, எண்ணெய்க்குள்ள இறங்குற மாதிரி இறங்குச்சு. குழாயைப் பிடிச்சிருந்த கையில காந்தத்தோட எடையும் சேர்ந்து தெரிஞ்சுது, தொடவே இல்லாத ஒண்ணோட எடை. அந்த எடையைக் குழாய் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தது நடுவுல இருக்குற ஃபீல்டுதான்.

எலக்ட்ரான் நத்தை வேகத்துல போகுதுன்னு சொல்றாங்க, அப்ப ஸ்விட்ச் போட்ட உடனே லைட் எப்படி எரியுது?

நத்தையை விட மெதுவு. 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில 1 ஆம்பியர் ஓடுனா எலக்ட்ரான்களோட சராசரி நகர்வு நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர், மணிக்கு 27 சென்டிமீட்டர் கூட வராது. வீட்டுக்கு வர்ற 50 ஹெர்ட்ஸ் ஏசியில (திசை மாறி மாறி ஓடுற கரண்ட்) இன்னும் மோசம், முன்னாடி பின்னாடின்னு ஒரு மைக்ரோமீட்டர் கூட நகராம அங்கயே ஆடிக்கிட்டு இருக்கும். ஸ்விட்ச் கிட்ட இருக்குற எலக்ட்ரான் பல்பு வரைக்கும் வரவே வராது.

வர்றது ஃபீல்டோட மாற்றம், அது ஒளி வேகத்துக்கு ஓரளவு பக்கத்துல கம்பியை ஒட்டியே போகும், வழி முழுக்க இருக்குற எலக்ட்ரான்கள் எல்லாம் அதனால கிட்டத்தட்ட உடனே நகர ஆரம்பிச்சுடும். எனர்ஜி எங்க வழியா போகுதுங்கிறதுக்கு 1884-ல பாய்ண்டிங் ஒரு விடை குடுத்தார், மின்புலமும் காந்தப்புலமும் ரெண்டுக்கும் செங்குத்தான திசையில எனர்ஜியைக் கொண்டு போகும்னு. அதைக் கணக்குப் போட்டா எனர்ஜி கம்பிக்குள்ள இல்ல, கம்பியைச் சுத்தி இருக்குற இடம் வழியா வந்து, பல்போட இழைக்குள்ள பக்கவாட்டுல நுழையுது. முதல்ல கேக்கும்போது மனசு ஏத்துக்காது, ஆனா கம்பியோட வேலை ஃபீல்டுக்கு வழி காட்டுறதுன்னு எடுத்துக்கிட்டா டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டு காயிலும் தொடாமலே எனர்ஜி தாண்டுறதும் விசித்திரமா தெரியாது.

காந்தவிசை எந்த வேலையும் செய்யாதுன்னு படிச்சேன், அப்ப காந்தம் இரும்பை எப்படித் தூக்குது?

ஓடுற சார்ஜுக்கு காந்தவிசை எப்பவும் செங்குத்து, அதனால திசையை மாத்தும், வேகத்தைக் கூட்டாது, அது வரைக்கும் சரி. கிரேன்ல இருக்குற மின்காந்தம் இரும்பைத் தூக்கும்போது இரும்பு கிட்ட வர வர காயில்ல ஒரு எதிர் வோல்டேஜ் உண்டாகும், அதை எதிர்த்து கரண்ட்டைத் தக்க வைக்க பவர் சப்ளை கூடுதல் எனர்ஜி குடுக்கும், தூக்குற வேலைக்குப் பணம் கட்டுறது அதுதான். நிலைக்காந்தத்துல கதை வேற, இரும்பும் காந்தமும் நெருங்கும்போது மொத்த ஃபீல்டு எனர்ஜி குறையுது, அந்தக் குறைவுதான் வேலையா மாறுது. ஆனா காந்தத்துக்குள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் ஏன் குட்டிக் காந்தமா இருக்குன்னு கேட்டா அதுக்கு குவாண்டம் இயற்பியலுக்குப் போகணும்.

மின்புலமும் காந்தப்புலமும் ரெண்டு தனித்தனி பொருளா?

இல்ல, ஒரே பொருளோட ரெண்டு முகம். ஒரு சார்ஜ் என் பக்கத்துல அசையாம இருந்தா எனக்கு மின்புலம் மட்டும் தெரியும், நீங்க அதைத் தாண்டி ஓடுனா உங்களுக்கு காந்தப்புலமும் தெரியும். 1905-ல ஐன்ஸ்டைனோட சார்பியல் கட்டுரை ஆரம்பிக்கிறதே இந்தக் கேள்வியிலதான், காந்தம் நகர்ந்து காயில் நின்னாலும், காயில் நகர்ந்து காந்தம் நின்னாலும் கரண்ட் ஒண்ணுதான் வருது, விளக்கம் மட்டும் ஏன் ரெண்டுன்னு.

அப்படின்னா காந்தவிசையே ஒரு சார்பியல் விளைவுதான், நத்தை வேக எலக்ட்ரான்ல அது எப்படித் தெரியும்னு கேப்பீங்க. ஒரு எலக்ட்ரானுக்கு அது ரொம்ப ரொம்பச் சின்னதுதான். ஆனா அதே 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில ஒரு மீட்டருக்குள்ள நகரக்கூடிய எலக்ட்ரான்களோட சார்ஜ் மட்டும் சுமார் 13,600 கூலும். 1 கூலும் என்ன பண்ணும்னு மேல பார்த்தோம். அவ்ளோ பெரிய விசை அடிபட்டுப் போனதுல துளி மிச்சம் இருந்தாலும் அது மோட்டாரைச் சுத்த வைக்கும்.

ஒளி பட்டா அழுத்தம் உண்டா?

உண்டு. பூமி இருக்குற தூரத்துல சூரிய ஒளி சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட், அதை முழுசா உறிஞ்சுற பரப்புல விசை சதுர மீட்டருக்கு சுமார் 4.5 மைக்ரோநியூட்டன், கண்ணாடியா இருந்தா ரெண்டு மடங்கு. 2010-ல ஜப்பான் அனுப்புன இக்காரஸ் விண்கலம் மெல்லிய பாய் விரிச்சு இந்தத் தள்ளுதலாலயே வேகத்தை மாத்திக் காட்டுச்சு. அம்புக்குறி பாயைத் தள்ளாதுங்க.

இந்த தியரி எங்க தோத்துப் போகுது?

அணுவுக்குள்ள. சார்ஜ் சீரா போனா அலை வராது, வேகமோ திசையோ மாறுனா வரும். அணுக்கருவைச் சுத்துற எலக்ட்ரான் திசை மாறிக்கிட்டே இருக்கு, அப்ப அது எனர்ஜியை இழந்து ஹைட்ரஜன் அணுவே சுமார் 10⁻¹¹ நொடியில சுருங்கி விழுந்திருக்கணும். விழல. சூடான பொருள் வெளியிடுற ஒளியோட நிறப் பங்கீட்டுக்கும், உலோகத்து மேல ஒளி பட்டா எலக்ட்ரான் தெறிக்கிற விதத்துக்கும் இதால விளக்கம் குடுக்க முடியல. ஆன்டெனா, மோட்டார், மின் கம்பி, லென்ஸ்னு வந்துட்டா இன்னைக்கும் இதே சமன்பாடுகள்தான் வேலை செய்யுது.

இதுல எதையாவது நானே பண்ணிப் பாக்க முடியுமா?

1820-ல ஓர்ஸ்டெட் பார்த்ததையே பண்ணுங்க. ஒரு திசைகாட்டி, ஒரு முழம் கம்பி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. வீட்டு மெயின்ஸ் கரண்ட் பக்கம் போகவே கூடாது, ரீசார்ஜ் பண்ற லித்தியம் பேட்டரியும் வேண்டாம். கம்பியை ஊசிக்கு மேல, ஊசி நிக்கிற வடக்கு தெற்கு திசையிலயே பிடிங்க, ரெண்டு மூணு நொடிக்கு மட்டும் முனைகளைத் தொடுங்க, கம்பி சூடாகும். 1 சென்டிமீட்டர் தூரத்துல 2 ஆம்பியர் குடுக்குற காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா, பூமியோட காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து சுமார் 25-ல இருந்து 65 மைக்ரோடெஸ்லா, ரெண்டும் கிட்டத்தட்ட சமம், அதனால ஊசி ரெண்டுக்கும் நடுவுல சாஞ்சு நிக்கும். பேட்டரியைத் திருப்பிப் போட்டா எதிர்ப்பக்கம் சாயும். அப்புறம் கம்பியை ஊசிக்கு அடியில கொண்டு போங்க, கரண்ட் திசையை மாத்தாதீங்க. ஊசி மறுபடியும் எதிர்ப்பக்கம் திரும்பும், ஏன்னா கம்பியைச் சுத்தி வளையமா ஓடுற ஃபீல்டுக்கு மேல் பக்கம் ஒரு திசை, கீழ் பக்கம் இன்னொரு திசை.